நூலகத்தில் வைக்கப்படும்

செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை.
போர்ட் லூயி மலைகளின் மேல் மேகம் இறங்கியிருக்கிறது.
அவைக்குள் ஏசி. எனக்கு ஒரு சால்வை, காதில் ஹெட்போன்.
நான் ஹான்சார்ட் எழுதுகிறவள்.
யார் எது சொன்னாலும் எழுதுவேன்.
யாரும் சொல்லாததை எழுத
எனக்குச் சம்பளம் கிடையாது.

கேள்வி எண் பி/317.
கேட்பவர் மாண்புமிகு திருமதி காத்தப்பெர்மால்,
மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு
மேசையெல்லாம் தேடுகிறவர்.
"பொன் சூர்ஸ் கிராமத்துக் குடிநீர் குறித்து…"

என் விரல் ஓர் எழுத்துத் தவறியது.

பொன் சூர்ஸ். பிரெஞ்சில் நல்ல ஊற்று.
பெயர் வைத்தவன் குடித்திருப்பான்.

அமைச்சர் எழுகிறார். பின்னாலிருந்து
ஓர் அதிகாரியின் கை சீட்டை நீட்டுகிறது.
"சபாநாயகர் அவர்களே,
எனக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளபடி…"

பத்தொன்பது வருடமாய் இந்த வரியை எழுதுகிறேன்.
கட்சி மாறும், டை நிறம் மாறும்,
எந்த அமைச்சருக்கும் எதுவும் தெரிந்ததில்லை.
தெரிவிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

நாலரை கிலோமீட்டர் புதுக் குழாய்.
டெண்டர். டெண்டர் ரத்து. ஆலோசகர் நியமனம்.
கட்டம் ஒன்று, அதற்குள் கட்டம் ஒன்று (அ).
தட்டிக்கொண்டே போனேன்,
வேறு யார் ஊரையோ பற்றி என்பதுபோல.

திருமதி காத்தப்பெர்மால் மறுபடி எழுந்தார்.
"ஒரே ஒரு துணைக் கேள்வி.
அங்கே தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது?"

அமைச்சர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
பின்புறம் வெள்ளை.
பதினொரு வினாடி, ஒலிப்பதிவில் இருக்கிறது.
மௌனத்துக்கு எங்களிடம் குறியீடு இல்லை.

மூன்று இருபதுக்கு.
முதலில் குழாய் இருமும். பிறகு காற்று.
பிறகு தேநீர் நிறத்தில் ஒரு வாளி,
அதைக் கழிப்பறைக்கு எடுத்து வைப்போம்.
அதன்பின் நாற்பது நிமிடம் தண்ணீர்.
பக்கத்து வீட்டு ரொசாலின் சுவரைத் தட்டுவாள்,
"திலோ! திலோ!"
இன்று காலையும் தட்டினாள்.
இந்தச் சால்வையில் கொஞ்சம் ஈரம் அதனால்தான்.

அமைச்சரின் பெயருக்குப் பக்கத்தில்
முக்காற்புள்ளி வைத்துவிட்டேன்.
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
பதில் என் விரல் நுனியில். ஆனால் அது
எனக்கு யாரும் தெரிவித்ததல்ல.

எதிர்வரிசையில் ஒருவர்,
"அலாரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்!" என்றார்.
மேசைகள் அதிர்ந்தன. கிரியோலில் ஒரு வசவு பறந்தது.
(இடைமறிப்பு) என்று எழுதினேன்.
அந்த அடைப்புக்குறிக்குள்
என் மூன்று இருபதும் போய்ச் சேர்ந்தது.

"அதற்கு முன்னறிவிப்பு வேண்டும்.
விவரம் திரட்டப்பட்டு நூலகத்தில் வைக்கப்படும்."
அடுத்த கேள்வி, தெருநாய்கள்.

மூன்று வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில்
நூலகத்துக்கு இறங்கினேன்.
வீரப்பேன் கோப்பை எடுத்துத் தூசி தட்டினார்.
"இதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்."
ஒற்றைத் தாள். முத்திரை. இணைப்பு இ:
பொன் சூர்ஸ், காலை 4 முதல் 10 வரை,
அழுத்தம் திருப்திகரம்.

கையில் பென்சில் இருந்தது.
தாளை மூடி வைத்தேன்.

லிஃப்டில் திருமதி காத்தப்பெர்மால்.
கண்ணாடி தலைமேல். கைப்பைக்குள் தேடல்.
நாங்கள் உறுப்பினர்களோடு பேசக் கூடாது.
அதுதான் விதி, நல்ல விதிதான்,
இரண்டு பக்கத்துக்கும் ஒரே காதாக இருக்க.
இரண்டாம் மாடி வந்தது.

"தலையில் இருக்கிறது" என்றேன்.
தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.
கதவு திறந்தது.
"மூன்று இருபது" என்றேன்.

"என்னது?"

கதவு மூடியது.
இன்று செவ்வாய். பி/402 மேசைக்கு வந்திருக்கிறது.
இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.
சால்வையைப் போர்த்தி,
ஹெட்போனை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.