தன்மை ஒருமை

நான் திருடினேன்.
நான் கத்தியால் குத்தினேன், இரண்டு முறை.
செந்தூல் மார்க்கெட் வாசலில்
அவளுடைய சங்கிலியை நான்தான் அறுத்தேன்.
பத்தொன்பது வருடமாக
ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில்
இதையெல்லாம் மலாயில் சொல்லிவிட்டு
ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டு
வீட்டுக்குப் போகிறேன்.

'அவன் சொல்கிறான்' என்று சொல்லக் கூடாது.
மொழிபெயர்ப்பாளருக்கு முதல் நாள் தருகிற விதி:
தன்மை ஒருமையில் பேசு.
'நான்' என்று சொல்.
விலங்கு அடுத்தவன் கையில் இருக்கும்.

இன்று காலை கேண்டீன் தொலைக்காட்சியில்
கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நாட்டின் அதிபர்.
பதவியில் இருந்து செய்த எதற்கும்
தன்னைக் கூண்டில் ஏற்ற முடியாது என்கிறார்.
அவருடைய வழக்கறிஞர் நல்ல பேச்சுக்காரர்.
ஒவ்வொரு கையெழுத்துக்குப் பின்னாலும்
ஒரு போலீஸ்காரன் நின்றால்
எந்தக் கை அசையும்?
வருகிறவன் போனவனை உள்ளே தள்ளுவான்,
அவனை அவனுக்கு அடுத்தவன்.
தே ஓ ஆறும்வரை யோசித்தேன்.
பதில் வரவில்லை.

திரையின் அடியில் ஒரு சொல் ஓடியது: கெகெபாலான்.
கெபால் என்றால் வெட்டினாலும் வெட்டுப்படாத உடம்பு.
எண்ணெய் ஓதித் தடவுவார்களாம்,
கத்தி வழுக்கிக்கொண்டு போகுமாம்.
தமிழில் விலக்குரிமை என்கிறது அகராதி.
விலக்கு என்றால் எங்கள் வீட்டில்
மூன்று நாள் மூலையில், தனித் தட்டோடு உட்காருவது.
யார் கேட்டு வாங்குவார்கள் அதை?

பதினோரு மணிக்குத் தனபாலன் த/பெ சன்னாசி.
கட்டுமான இடத்திலிருந்து செம்புக் கம்பி, எட்டு மீட்டர்.
பிரிவு 379.
புரிகிறதா என்றேன்.
"புரியுதுக்கா. ஒத்துக்கிறேன்."
பிறகு தலையைச் சாய்த்து,
"வர்ற வழியில போலீஸ் போன்ல நியூஸ் ஓடுச்சு.
அந்தக் கெபால் என்னா விலைக்கா?
தவணையில கிடைக்குமா?"

இன்னும் என்ன சொல்கிறார் என்றார் மாஜிஸ்திரேட்.
முப்பது வயது இருக்காது,
பேனா மூடியைக் கடித்து வைத்திருந்தார்.
ஒன்றுமில்லை என்றிருக்கலாம்,
அவனுக்கு நல்லது அதுதான்.
ஆனால் சத்தியம் செய்த வாய்.
எழுந்து நின்று கேட்டேன்:
எனக்கும் அந்தக் கெபால் வேண்டும்,
என்ன விலை, தவணையில் கிடைக்குமா?

அரசுத் தரப்பு வாயைப் பொத்திச் சிரித்தது.
மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.
ஏர்கான் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
ஆயிரத்து இருநூறு வெள்ளி, தவறினால் இரண்டு மாதம்.
"தவணை இல்லை" என்றார், தாளைப் பார்த்தபடி.

அப்போதுதான் உறைத்தது,
அவன் கேட்ட சரக்கு என்னிடம் இருக்கிறது.
எத்தனை கொலை சொல்லியிருக்கிறது இந்த வாய்,
ஒரு கீறல் இல்லை.
'நான்' என்றது நானில்லை என்று
அந்த அறைக்குத் தெரியும், அதனால்.
அதிபரும் அதைத்தான் கேட்கிறார்.
பேசியது நாடு,
நான் வெறும் வாய்.

சரி, போகட்டும்,
நாடு சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால்.
நடுவில் தன் வாக்கியம் ஒன்றைச் செருகியிருந்தால்?
தன் மச்சானுக்காக ஒரு வாக்கியம்?
என்னைக் கேளுங்கள்.
ஒரு சொல் கூட்டிச் சொன்னால்
எனக்கு வேலை போகும்,
நானும் அதே கூண்டில் நிற்பேன்,
வேறு ஒருத்தி எனக்காக
'நான்' என்பாள்.

நாலு மணிக்கு மழை.
அபராத முகப்பில் தனபாலனின் தங்கச்சி
மூன்றாம் முறையாக நோட்டுகளை எண்ணுகிறாள்.
எழுபது வெள்ளி குறைகிறது.
நீதிமன்ற ஊழியர்
குற்றவாளி தரப்புக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

யாரோ கொடுத்தார்கள்.
படர்க்கையில்தான் சொல்கிறேன்,
குறித்துக்கொள்ளுங்கள்.