கோணல் தையல்

கொக்குவிலில் ஐப்பசி இரவு.
கரண்ட் இல்லை.
முதல் மின்னலுக்கே கறுவல்
தையல் மெசினுக்குக் கீழே.

‘ஒண்டுமில்லையடா’ என்றேன்.
நம்பவில்லை.
யாழ்தேவியைக் குரைத்துத் துரத்துகிறவன்
என் வலது பாதத்தில் நாடியை வைத்து
நடுங்குகிறான்.

இடது கால் சும்மா மிதித்தது.
கடகடவென்று மெசின்.
அவன் காது மெல்லத் தாழ்ந்தது.

நிறுத்தினேன். திரும்பவும் நடுக்கம்.
சரியென்று
பழைய படுக்கைவிரிப்பொன்றை ஊசிக்குக் கொடுத்தேன்,
இருட்டில், அளவில்லாமல்,
இடி இணுவில் பக்கம் போகுமட்டும்.

காலையில் விரித்துப் பார்த்தால்
நேராய் ஓடிய தையல்
ஏழெட்டு இடத்தில் கோணியிருக்கிறது.

‘பாவம், நல்லாப் பயந்திட்டான்’ என்றேன்
பக்கத்து வீட்டுச் சுகிர்தாவிடம்.

அவனோ
முதல் அரைமணியிலேயே
குறட்டை விடத் தொடங்கியிருந்தான்.