மூன்றாவது கோப்பை

குத்தாயிசியில் எந்த வீட்டுப் பந்தியானாலும்
முதல் கோப்பையை உயர்த்துபவர்
என் கணவர் நுக்சார்.
சம்பளமில்லாத வேலை.
பிறந்த பிள்ளைக்கு ஒரு சொல்,
செத்துப்போனவனுக்கு ஒரு சொல்,
இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு சொல்லுக்கும்
ஒரு மிடறு.

ஏப்ரலில் டாக்டர் எதேரி
தாளில் ஓர் எண் எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.
முன்னூற்றுப் பன்னிரண்டு.
"எங்கள் பழைய வீட்டு எண்" என்றார் இவர்.
அவள் சிரிக்கவில்லை.

அன்று மாலையே
பாலாடைக்கட்டி பொதிந்த ரொட்டி
மேசையின் அந்தக் கோடிக்குப் போனது.
கீரையை வேகவைத்துப் பிழிந்து
வால்நட் விழுதும் பூண்டும் சேர்த்து உருட்டிவைத்தேன்.
"ஆட்டுக்கு வைத்ததா?" என்று கேட்டார்.
மூன்றாம் வாரம்
தட்டை விரலால் வழித்தார். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

காலையில் வெள்ளைப் பாலம் வரை நடை.
கண்ணில் பட்டவனெல்லாம்
"வா, ஒரு வாய்" என்று கூப்பிடுகிற ஊரில்
நடப்பது லேசான காரியமா?
ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்புவார்.
அதில் நடந்தது நாற்பது நிமிடம்,
மீதி பேச்சு.

ஒரே அறுப்பில் கிடாயைச் சாய்க்கிற கை.
ஊசிமுனை விரலில் படும்போது மட்டும்
ரியோனி ஆற்றைப் பார்ப்பதுபோல்
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
எண் இறங்கியது.
இருநூறு. நூற்று அறுபது. நூற்று முப்பத்தொன்று.

அக்டோபரில் ஜும்பேரின் நாற்பதாம் நாள்.
கோப்பைகள் மோதிக்கொள்ளாத பந்தி அது.
இவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தார்.
ரொட்டியைத் தொடவில்லை.
சோற்றைத் தள்ளிவைத்தார்.
எனக்கு ஒரே பெருமை.
அந்தப் பெருமைதான் என் கண்ணைக் கட்டியது:
வெறும் வயிற்றில் மாத்திரை,
அதன்மேல் மது.

மூன்றாவது கோப்பைக்கு எழுந்தார்.
"ஜும்பேர், நீ…"
கை நடுங்கியது.
மது விளிம்பைத் தாண்டி விரிப்பில் சிந்தியது.
நெற்றியெல்லாம் வியர்வை.
"நீ… நீ…"
பந்தி முழுக்க விசும்பல்.
இப்படி உருகி ஒருநாளும் பேசியதில்லையே என்று
என் பக்கத்திலிருந்தவள் மூக்கைத் துடைத்தாள்.

நாற்பத்தோரு வருஷம்
இந்த மனிதனோடு வாழ்ந்திருக்கிறேன்.
துக்கத்தில் இவருக்குச் சொல் பெருகும்,
வற்றாது.

எதிரே ஒரு பையன் கையில்
பச்சை நிற லெமனேடு.
எப்படிப் பறித்தேன் என்று தெரியாது.
பின்கழுத்தைப் பிடித்து வாயில் ஊற்றினேன்,
ஆறு மாதமாக
வாசற்படி மிதிக்கக் கூடாதென்று
நானே விரட்டிய சர்க்கரையை.

கருவி நாற்பத்தெட்டு என்றது.
கால் மணி நேரம்
யாரும் முள்கரண்டியை எடுக்கவில்லை.
பிறகு நானே ஒரு துண்டு ரொட்டி பிய்த்துக் கொடுத்தேன்.
குழந்தைபோல் வாங்கித் தின்றார்.

மறுபடி எழுந்தார்.
கையில் மிச்ச லெமனேடு.
செத்தவனுக்கு லெமனேடு உயர்த்துவது
எந்த முறையிலும் இல்லை.

"ஜும்பேருக்கும் இதே வியாதிதான்.
கால்விரல் கறுத்தபோதுதான்
வீட்டுக்கே தெரியும்.
போன வருஷம் வேண்டாமென்று கோப்பையைக் கவிழ்த்தான்.
ஆம்பிளையா நீ என்று நிமிர்த்தி ஊற்றியது யார்?
நான்.
இந்த மேசையில் உட்கார்ந்துதான்."

ஒருவரும் அழவில்லை இப்போது.
குடித்து முடித்துக் கோப்பையை
அவரே கவிழ்த்து வைத்தார்.

வெகுநேரம் கழித்து
கடைசியில் உட்கார்ந்திருந்த கசாப்புக்காரர் வாழா
சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்து
ஒரு விரலை நீட்டினார்.
அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

பெட்டியில் இருந்தது ஒன்பது பட்டை.
பந்தியில் முப்பது பேர்.
அந்தப் பையன் மட்டும்
தன் லெமனேடைக் கேட்டு
இன்னும் அழுதுகொண்டிருந்தான்.