புள்ளி

சர்வரை எழுப்பியதும் அது
பட்டியலிலுள்ள செயலிகளுக்குள் தானாகவே நுழைகிறது:
படகு, ஐஸ், ஏலம்.
‘கூறுகள்’ என்றொரு கோப்பிருந்தால் எடுத்துக்கொள்ளும்.
இல்லாவிட்டால் முகம் சுளிக்காது,
அடுத்த கதவு.

ஏல விலைப்பலகை மட்டும் வெறுமை.
பிழையென்று ஒரு வரியும் இல்லை.
இரண்டு பிளேன்டீ முடிந்தது.

கீழே, திருக்கோணமலை பஸ் நிலையத்தடியில்
கோட்டைப் புள்ளிமானொன்று
கடை கடையாக மூக்கை நீட்டி வருகிறது,
யாரும் கூப்பிடாமல்.
மரக்கறிக் கடையில் கோவா இலை.
பூட்டிய சலூன் வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டு
நடந்தது.

‘பேர வடிவாப் பாருங்க’
கிண்ணியாவிலிருந்து நஸ்மியா, போனில்.
கூறுகள.
கடைசி ளகரத்துக்குப் புள்ளியில்லை.
வைத்தேன். மறுபடி எழுப்பினேன்.
விளைமீன், கிலோ ஆயிரத்து நானூறு.

சலூன்காரர் இப்போதுதான் ஷட்டரைத் தூக்குகிறார்.
மான் கடற்கரைக்கு இறங்கிவிட்டது.