நாக்கு கட்டிய மணி

லாரி சந்துக்குள் திரும்பும்போதே தெரிந்துவிடும்,
மலைச்சரக்கு என்று.
பழைய குழாயும் பூட்டும் ஏற்றிய வண்டி
சும்மா இருமிக்கொண்டு வரும்.
இதுவோ ஒவ்வொரு பள்ளத்துக்கும்
நாலாயிரம் வாய் திறக்கும்.

ஜலேசரில் எங்கள் பட்டறையில்
இஷ்தியாக் உருக்குவார், லக்மீசந்த் கடைசல் பிடிப்பார்.
தராசும் சாக்கும் என் பாடு.

குமாவோன் மலையில் ஏதோ ஒரு கோயில்.
அங்கே சாமி நீதிபதியாம்.
முத்திரைத்தாளில் மனு எழுதிக் கட்டுகிறார்கள்,
ஜெயித்தால் மணி கட்டுகிறார்கள்.
உத்திரம் தாங்காமல் போனதும்
இறக்கி எடைக்குப் போடுகிறார்கள்.
எங்கள் மணி எங்களிடமே வருகிறது.
போகும்போது கிலோ எண்ணூறு, வரும்போது நானூற்று எழுபது.
நடுவில் போனது சாமிக்கா, லாரிக்கார தீவான் சிங்குக்கா
என்று நான் கேட்பதில்லை.

வயிற்றில் எழுத்து வெட்டியிருக்கும்.
'பணிமாற்றம் கிடைத்தது, மின்வாரியம்.'
'மகன் வீடு திரும்பினான்.' பெயர் இல்லை.
'நிலவழக்கு, பதினேழு வருடம், ஜெயம்.'
படிக்காதே மைமூனா, கை நிற்கிறது பார்
என்பார் இஷ்தியாக்.
படிக்காமல் எப்படி எடை போடுவது?
அந்தப் பதினேழு வருடம்
முந்நூறு கிராம்தான் இருந்தது.

இன்றைக்கு ஒன்று, ஒன்றேகால் கிலோ.
ஆட்டினேன். சத்தமில்லை.
விரிசல் விழுந்ததுகூடக் கரகரக்கும்.
கவிழ்த்தேன்.
நாக்கைச் சுற்றிக் காகிதம், சிவப்பு நூலில் இறுக்கமாக.

'மகாராஜா,
என் கொழுந்தன் வரப்புக்கல்லை
மழைக்கு ஒரு முழம் நகர்த்துகிறான்.
சாட்சி: என் எருமை.
கல் இப்போது அடுப்படிக்கு வந்துவிட்டது.
கல்லை நிறுத்து.
அவனை ஒன்றும் செய்யாதே, பிள்ளைக்குக் காய்ச்சல்.
இப்படிக்கு பனுலி தேவி.'

தேதி பார்த்தேன். ஒன்பது மழை.
ஒன்பது முழத்தில் அடுப்படி போகும்,
கட்டில் போகும்,
கட்டிலுக்கு அப்பால் என்ன வைத்திருந்தாளோ.

ஜெயிக்கும் முன்பே மணி வாங்கியிருக்கிறாள்.
அது போகட்டும்.
மனுவை ஏன் உள்ளே கட்டினாள்?

கையில் நூலோடு நின்றபோதுதான் உறைத்தது.
வண்டியில் விளிம்பு உரசாதிருக்க
ஒவ்வொரு நாக்கிலும் செய்தித்தாள் சுற்றுகிறவள் நான்.
கடைக்காரன் அவிழ்க்க மறந்திருப்பான்.
அவள் அதை அவிழ்த்து
அதே இடத்தில், அதே முடிச்சில்,
இப்படித்தான் போலும் என்று நினைத்து...

மற்றவர் ஜெயமெல்லாம் அடித்த காற்றில்
இது ஆடியிருக்கிறது, ஆட மட்டும்.
அத்தனை சத்தத்தில்
ஒன்று அடிக்காதது யாருக்குக் கேட்கும்?

'மூசை பழுத்துவிட்டது, போடு!' இஷ்தியாக் கத்துகிறார்.
துத்தநாகம் வெள்ளையாகப் புகைகிறது.
வயல்மண்ணும் வெல்லப்பாகும் பிசைந்த அச்சுகள்
வாய் திறந்து வரிசையில் கிடக்கின்றன.

எனக்கு அந்தச் சாமி பழக்கமில்லை.
தாலுகா கோர்ட் பழக்கம்.
அங்கே டவாலி பெயரை மூன்று முறை கூப்பிடுவான்.
நூலை அறுத்தேன். மூன்று முறை அடித்தேன்.

லக்மீசந்த் கடைசலை நிறுத்திவிட்டார்.
'கலவை நல்ல பதம். யார் வார்ப்பு?'
நம்முடையதுதான் என்றேன்.
ஓசை அடங்க நேரமாயிற்று. இஷ்தியாக்கூடக் காத்திருந்தார்.
பிறகு மூசையில் போட்டேன்.

காகிதத்தைப் போடவில்லை, தீவான் சிங்கிடம் கொடுத்தேன்.
வெளியே கட்டு, கண்ணில் படும்படி.
எந்த ஊர் பனுலி என்றான். எழுதவில்லை.
அவருக்குத் தெரியாதா என்றேன்.
சிரித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தான்.

சாயங்காலம் புதுச்சரக்கு அறுநூறு ஏற்றினோம்.
ஒரு நாக்கையும் நான் கட்டவில்லை.
விளிம்பு சிதறும், யார் கணக்கு என்று இஷ்தியாக் ஏசினார்.
என் கணக்கில் எழுதச் சொன்னேன்.
பரேலி தாண்டுமுன் காது போய்விடும் பாஜி என்றான் தீவான் சிங்.

வண்டி கிளம்பியது.
ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது.
கேட் சாத்தியிருந்தது போல,
கொஞ்சம் நின்று,
மறுபடி கேட்டது.