கடைசி எட்டு விநாடி

"ஏற்காட்டுப் பனி மாதிரி முடியணும் தம்பி"
என்று சொல்லிவிட்டு
அட்வான்ஸ் தராமல் போனார் திரவியராஜ்.
அஸ்தம்பட்டியில், டயர் கடைக்கு மேல் என் ஸ்டுடியோ.
கீழே கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம்
நான் டீ குடிப்பேன்.

பதினேழு ட்ராக்.
மலைமேல் மாதா கோயிலில்
ஐப்பசி மழை விட்ட இடைவெளிகளில் பதிந்தது.
மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பிடித்து
ஒரே விசை.
பதினேழு சரிவும் ஒன்றாய் விழுந்தன,
அரசாங்கம் கட்டிக் கொடுத்த காலனி வீடுகள் போல.

கேட்டேன்.
பனி இல்லை அது.
கரண்ட் போகுமுன் மங்கும் பல்பு.

பனி அப்படியா வரும்?
பதினேழாவது கொண்டை ஊசியில் ஒருமுறை
வண்டியை ஓரங்கட்டி நின்றிருக்கிறேன்.
முதலில் கீழே சேலம் போனது.
பிறகு எதிர்ச்சரிவுச் சில்வர் ஓக்கின் இடுப்பு மட்டும்;
உச்சி அப்படியே நின்றது.
மிளகாய் பஜ்ஜி போட்டவளின் தலையில் கட்டிய
சிவப்புத் துண்டு
போகவே இல்லை.

அன்டூ.
இனி ஒவ்வொன்றாய்.

பேஸ் கிட்டார் முதலில் போகலாம்.
போனது யாருக்கும் தெரியாது,
வாசித்த சகாயத்தைத் தவிர.
தம்புரினுக்கு வேறு வளைவு:
சட்டென்று இறங்கி, அப்புறம்
கடன்காரனுக்குச் சொல்லும் பதிலாய் இழுத்துக்கொண்டே.
ஆண்குரல் நாலையும் சேர்த்தே இறக்கினேன்,
ஒன்றில்லாமல் ஒன்று பாடத் தெரியாதவர்கள்.
வெட்டிய இடத்தில் ஒன்று 'டப்' என்றது.
அதற்குப் பத்து மில்லி விநாடி,
துணியின் உள்பக்கம் போடும் முடிச்சு.

ஒன்பதாவது ஜெசிந்தா.
மற்றதை ஊமையாக்கிவிட்டுக் கேட்டேன்.
எல்லாரும் ஆமென் சொல்லி ஓய்ந்த பிறகு
மூச்சை இழுக்கிறாள்,
முழுதாய், தோள் உயர்வது கேட்கிறது,
இன்னொரு சரணத்துக்கு.

போன் போட்டேன்.
காப்பி காயவைக்கும் களத்தில் இருந்தாள்,
சிக்னல் விட்டு விட்டு.
"அய்யோ, அதுவாண்ணா?
நாலாவது சரணம் வேணாம்னு ஃபாதர் சொல்லிட்டார்,
நான் மறந்துட்டேன். வெட்டிருங்க."

கை போனது.
கீழே கம்ப்ரஸர் கிளம்பியது.
டீ குடித்தேன்.

பதினாறும் அவரவர் வேகத்தில் இறங்கிப் போகின்றன.
அதற்கப்புறம் அரை விநாடி.
ஒன்பதில் சரிவே போடவில்லை.

சனிக்கிழமை வந்த திரவியராஜ்
கண்ணை மூடிக் கேட்டார்.
முடிந்தது.
ஹெட்போனைக் கழற்றாமலே
"அவ்வளவுதானா தம்பி," என்றார்,
"இல்ல, இன்னும் இருக்கா?"