தொண்ணூற்றாறாம் பக்கம்

பதினாறு பக்கம் ஒரு பாரம்.
ஆறு பாரம் ஒரு புத்தகம்.
அதற்குள் கொலைகாரன் அகப்பட்டாக வேண்டும்.
கோட்டைமுனை அச்சகத்தில்
முதலாளி போட்ட சட்டம் இது.

பூபாலரெத்தினம் அதை மீறியதில்லை.
பகலில் அவர் நீதிமன்றச் சுருக்கெழுத்தர்.
'தவணை' என்ற சொல்லுக்கு
அவர் கையில் ஒரேயொரு கோடு.
'சாட்சியம் போதாது' என்பதற்கு
ஒரு கோடும் ஒரு புள்ளியும்.
நாலரைக்குக் கிறுகி வருவார்,
சைக்கிள் காரியரில் கொலையோடு.

அவருடைய துப்பறிவாளனுக்கும் சைக்கிள்தான்.
கள்ளனைத் துரத்தும்போது
கல்லடிப் பாலத்தில் எதிரே பஸ் வந்தால்
இறங்கி ஓரமாய் நிற்பான்.
சனம் அதற்குத்தான் காசு கொடுத்ததென்று நினைக்கிறேன்.

ஒருமுறை கொலைகாரன் ஞானமுத்து.
எங்கள் பெட்டியில் 'ஞ' பதினொன்றுதான்.
கடைசிப் பாரத்தில் அவன் பெயர்
முப்பத்தெட்டு இடத்தில் வந்தது.
"ஒண்ணாது ஐயா" என்றேன்.
வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து
மறு கன்னத்துக்கு மாற்றினார்.
"உன்னட்ட 'க' எத்தின கிடக்கு, சீனித்தம்பி?"
"கணக்கில்ல."
"மறுகா என்ன, கந்தப்போடியப் புடி."

அப்படித்தான் ஒரு பாவமும் அறியாத
போடியார் கைதானார்.
எண்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து
கத்தியும் அவர் கைக்கு மாறியது.
ஏறாவூரிலிருந்து ஒருவர் கடிதம் போட்டார்,
போடிதான் ஆளென்று
முதலாம் பாரத்திலேயே தனக்குத் தெரியுமாம்.
பூபாலரெத்தினம் சிரித்துச் சிரித்து இருமினார்.
பிறகு சிரிக்காமல் சொன்னார்:
"எழுத்துத் தட்டுப்பாட்டில தப்பினவனுகள
நான் நாள்தோறும் கோட்டில பாக்கிறன்."

சூறாவளி கூரையைக் கொண்டுபோன பின்
சேற்றில் குந்தி ஈய எழுத்துப் பொறுக்கினோம்.
'ஞ' ஒன்பது கிடைத்தது.
"இனி ஞானமுத்த அசைக்க ஒண்ணா."

பாலத்தடியில் சோதனைச்சாவடி வந்த வருஷம்
ஐந்து பாரத்துக்குத்தான் கையெழுத்துப்படி தந்தார்.
ஆறாவது?
"வெறுந்தாள் வைச்சுக் கட்டு."
முதலாளி கத்தினார், தாள் விலை சொன்னார்.
வாழைச்சேனைத் தாள், வைக்கோல் நிறம்.
பக்க எண்ணை மட்டும் நான் கோத்தேன்.

அச்சுப்பிழை என்று
நாற்பது பேர் திருப்பித் தந்தார்கள்.
தன் சம்பளத்திலிருந்து காசு கொடுத்தார்.

நாற்பத்தோராவது ஆள் கிரானிலிருந்து வந்த ஒரு பெண்.
காசு கேட்கவில்லை.
வெறும் பக்கங்களில் பென்சிலால் எழுதியிருந்தா:
நீலக்கோட்டுச் சாறன். இடது செருப்பில் ஆணி.
வெள்ளி, காலை ஏழேகால், சந்தைக்கு முன்னால்.
ஜீப்பின் இலக்கம், நடுவில் ஓர் எண் தெரியாது.
மகன் கடைசியாகக் குடித்தது வெறுந்தேத்தண்ணி,
சீனி போதாதென்று கோபித்தது.

பூபாலரெத்தினம் நின்றபடியே வாசித்தார்.
பேனையைத் திறந்தார். மூடினார்.
புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

பழக்கதோஷம்,
பிழைதிருத்தும் கண்ணோடுதான் பார்த்தேன்.
இரண்டு இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது.
தொண்ணூற்றாறாம் பக்கத்தை
அவருக்கென்று விட்டுவைத்திருந்தா.
அதில் எண் மட்டும்,
நான் கோத்தது.